டைமர் ஏன் பிந்துகிறது? கணினி மொழிகளும் இயங்குதளங்களும் நேரத்தைக் கையாளும் விதம்



நேரம் குறித்து இணையத்தில் பயிற்சி செய்யாத வகுப்பு இப்போது அரிது. கருத்துணர்தல் பயிற்சியாக இருக்கட்டும், இலக்கணப் புதிராக இருக்கட்டும், திரையின் ஓரத்தில் ஒரு டைமர் இறங்கிக்கொண்டே இருக்கும். 30:00 என்று தொடங்கி, 00:00 வந்ததும் விடைப்பகுதியைப் பூட்டிவிடும். ஒரே பயிற்சியை ஒருவர் விண்டோஸ் மடிக்கணினியில் செய்கிறார், இன்னொருவர் குரோம்புக்கில், மற்றொருவர் மேக்கில். மூவருக்கும் அதே 30 நிமிடம்தான் கிடைக்கிறதா?

"இதுல என்ன சந்தேகம், கம்ப்யூட்டர்தானே எண்ணுது?" என்று தோன்றும். ஆனால், அந்த டைமர் எழுதப்பட்ட விதத்தைப் பொறுத்து ஒரு மாணவருக்கு 30 நிமிடமும் இன்னொருவருக்கு 35 நிமிடமும் கிடைக்கலாம். யாரும் ஏமாற்றவில்லை, கணினியும் பழுதாகவில்லை. அப்புறம் எப்படி? இதைப் புரிந்துகொள்ள, கணினி மொழிகளுக்கு அடியில் ஓடும் இடைவெளி டைமரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். வாங்க, படிப்படியாகப் பார்ப்போம்.

"எப்போது?" வேறு, "எவ்வளவு நேரம்?" வேறு

கடிகாரத்திடம் நாம் இரண்டு கேள்விகள் கேட்கிறோம். "இப்போ மணி என்ன?" என்பது ஒன்று. "தொடங்கி எவ்வளவு நேரம் ஆச்சு?" என்பது மற்றொன்று. அன்றாட வாழ்வில் இரண்டுக்கும் ஒரே சுவர்க்கடிகாரத்தைத்தான் பார்க்கிறோம். அதனால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறோம்.

நம் நாட்டு வரலாற்றிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. 11.30 ஆனதும் நேராக 1982 பிறந்துவிட்டது. அன்றிரவு 11.15க்கு அடுப்பில் ஏற்றிய பாத்திரத்தை, சுவர்க்கடிகாரம் 12.15 காட்டும்போது ஒருவர் இறக்கியிருந்தால், அது வெந்த நேரம் ஒரு மணி நேரமா? இல்லை, 30 நிமிடம்தான். சுவர்க்கடிகாரம் "எப்போது?" என்ற கேள்விக்குச் சரியான விடை சொன்னது. "எவ்வளவு நேரம்?" என்ற கேள்விக்கு அதை நம்பியவர் சோறு வேகாமல் இறக்கியிருப்பார்.

தமிழாசிரியர்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. தொல்காப்பியம் மாத்திரையை வரையறுக்கும்போது, பகலா இரவா, நாழிகை எத்தனை என்று பார்க்கவில்லை. கண் இமைக்கும் நேரத்தையும் விரல் நொடிக்கும் நேரத்தையும் அளவாக எடுத்துக்கொண்டது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. உச்சரிக்க எவ்வளவு நேரம் ஆனது என்பதே அங்கே கேள்வி. இந்த இரண்டு கேள்விகளையும் மனத்தில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் இது தேவைப்படும்.

மொழிக்கு எதற்கு மணி?

பைத்தான், கோ, ஹாஸ்கெல் போன்ற நிரல்மொழியில் எழுதிய நிரல் தனியாக ஓடுவதில்லை. அதன் அடியில் ரன்டைம் எனப்படும் இயக்கச்சூழல் ஒன்று இருக்கும். நினைவகத்தை ஒதுக்குவது, குப்பை கூட்டுவது, பல வேலைகளுக்கு முறை வைப்பது எல்லாம் அதன் பொறுப்பு. பள்ளியில் கடமை ஆசிரியர் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒரே கணினி அறை, பத்து வகுப்புகள். ஒரு வகுப்பே நாள் முழுக்க அறையைப் பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? பாடவேளை முடிந்ததும் மணி அடிக்க வேண்டும். இந்த வகுப்பு வெளியே, அடுத்த வகுப்பு உள்ளே. ரன்டைமும் அப்படித்தான். ஒரு நிரலுக்குள் ஓடும் பல இழைகளுக்கு மாற்றி மாற்றி வாய்ப்புக் கொடுக்க அதற்குச் சீரான இடைவெளியில் ஒரு மணி வேண்டும். அந்த மணியின் ஒவ்வோர் ஒலியையும் துடிப்பு என்று அழைப்போம்.

பாடவேளையின் நீளம் மொழிக்கு மொழி வேறு. ஹாஸ்கெல் மொழிக்கான ஜிஎச்சி என்ற தொகுப்பியின் ரன்டைம், வேறு கட்டளை இல்லாவிட்டால், 10 மில்லிவினாடிக்கு ஒரு துடிப்பும் 20 மில்லிவினாடிக்கு ஒரு முறைமாற்றமும் வைத்துக்கொள்கிறது. கோ மொழியில் ஓர் இழை 10 மில்லிவினாடிக்கு மேல் தொடர்ந்து ஓடினால், கண்காணிக்கும் இழை அதை நிறுத்தச் சொல்லும். பைத்தானில் இந்த அளவு 5 மில்லிவினாடி.

சரி, மணி வேண்டும். அதை யார் அடிப்பது? இயங்குதளம்தான் அடிக்க வேண்டும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஒவ்வோர் இயங்குதளமும் வெவ்வேறு மணியை வைத்திருக்கிறது.

யூனிக்ஸ் கொடுத்த பழைய மணி

1983இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பில் செட்-ஐடைமர் என்ற வசதி வந்தது. "இத்தனை இடைவெளியில் எனக்கு மணி அடி" என்று நிரல் கேட்கலாம். மூன்று வகை உண்டு. முதலாவது, உண்மையாகக் கடக்கும் நேரத்தை அளக்கும். இரண்டாவது, நிரல் தன் சொந்த வேலைக்காகச் செயலியைப் பயன்படுத்திய நேரத்தை மட்டும் அளக்கும். மூன்றாவது, அதோடு நிரலுக்காக இயங்குதளம் உழைத்த நேரத்தையும் சேர்க்கும்.

மணி அடிக்கும் முறையில்தான் தொந்தரவு. சிக்னல் என்ற அறிவிப்பை இயங்குதளம் நிரலுக்கு அனுப்பும். நிரல் என்ன செய்துகொண்டிருந்தாலும் அதை அப்படியே போட்டுவிட்டுச் சிக்னலைக் கவனிக்க வேண்டும். ஒரு கோப்பைப் படிக்கக் காத்திருந்தால், அந்தக் காத்திருப்பே பாதியில் முறிந்து, "குறுக்கீடு ஏற்பட்டது" என்ற பிழையோடு திரும்பலாம். நன்றாக எழுதிய நிரல் மறுபடி முயலும். ஆனால், ரன்டைமோடு சேர்ந்து ஓடும் வேறொருவர் எழுதிய நூலகம் இதை எதிர்பார்த்திருக்காது. வினாடிக்கு 100 முறை குறுக்கீடு வந்தால் அதன் பாடு திண்டாட்டம்தான். இதனால்தான் பைத்தான் 3.5இல், அதாவது 2015இல், இப்படி முறிந்த வேலைகளை மொழியே மீண்டும் முயலும் ஏற்பாடு வந்தது.

இன்னொரு குறையும் உண்டு. நிரல் கவனிப்பதற்குள் அதே சிக்னல் மூன்று முறை வந்தால், மூன்றும் வரிசையில் நிற்காது. ஒன்றாகச் சேர்ந்து ஒரே சிக்னலாகிவிடும். மூன்று மணி அடித்தும் காதில் விழுந்தது ஒன்றுதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

2008ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரநிலை, செட்-ஐடைமரை வருங்காலத்தில் நீக்கப்படக்கூடியது என்று குறித்து, டைமர்-கிரியேட் என்ற புதிய வசதியைப் பரிந்துரைத்தது. அப்படியானால் எல்லாரும் புதியதற்கு மாறிவிடலாம்தானே? அங்கேதான் இயங்குதளங்கள் பிரிகின்றன.

மூன்று வீடு, மூன்று மணி

லினக்ஸில் டைமர்-கிரியேட் உண்டு. அதோடு 2008இல் கெர்னல் 2.6.25இல் டைமர்-எஃப்டி என்ற இன்னொரு வசதியும் வந்தது. இது சிக்னல் அனுப்பாது. ஒரு கோப்பைப் போல இருக்கும். நிரல் தனக்கு வசதியான நேரத்தில் அதைப் படிக்கலாம். படிக்கும்போது, "நீ கடைசியாகப் பார்த்ததிலிருந்து இத்தனை துடிப்புகள் கடந்துவிட்டன" என்று எண்ணிக்கையையும் சொல்லும். தவறவிட்ட மணிகளைக் குறித்து வைக்கும் அலுவலகப் பணியாளர் மாதிரி.

மேக்கில் டைமர்-கிரியேட் கிடையாது. பழைய செட்-ஐடைமர் உண்டு. கே-கியூ என்ற வேறொரு வழியும், 2009இல் வந்த கிராண்ட் சென்ட்ரல் டிஸ்பாட்ச் என்ற ஏற்பாடும் உண்டு.

விண்டோஸில் யூனிக்ஸ் பாணிச் சிக்னல் மணியே இல்லை. டைமர் வரிசை என்ற வசதி உண்டு. குறித்த இடைவெளியில் வேறோர் இழையிலிருந்து நாம் சொன்ன வேலையை அது செய்து கொடுக்கும். ஆனால், விண்டோஸின் வழக்கமான துடிப்பு வினாடிக்கு 64 முறைதான். அதாவது ஏறக்குறைய 15.6 மில்லிவினாடிக்கு ஒரு முறை. இதைப் பேருந்தோடு ஒப்பிடலாம். கால் மணிக்கு ஒரு பேருந்துதான் வருகிறது என்றால், 10.01க்குக் கிளம்ப விரும்பினாலும் 10.15க்குத்தான் ஏற முடியும். அதுபோல, 1 மில்லிவினாடி மட்டும் தூங்க வேண்டும் என்று கேட்ட நிரல் 15 மில்லிவினாடி வரை தூங்க நேரிடலாம். வேகமான துடிப்பு வேண்டும் என்று தனியாகக் கேட்டு வாங்கலாம். மின்கலம் சீக்கிரம் தீரும்.

இத்தனை வேறுபாட்டையும் மறைத்து, "எங்கே ஓடினாலும் ஒரே மாதிரி நடப்பேன்" என்று காட்டுவதே ரன்டைம் எழுதுபவர்களின் வேலை. அதற்கு அவர்கள் கண்ட வழிகள் சுவையானவை.

ஜிஎச்சி குழுவினர் சிக்னலை நம்புவதைக் கைவிட்டு, மணி அடிப்பதற்கென்றே தனி இழை ஒன்றை வைத்தார்கள். அது தூங்கும், எழும், ஒரு துடிப்பைக் கொடுக்கும், மீண்டும் தூங்கும். லினக்ஸில் அந்த இழை டைமர்-எஃப்டியைப் படிக்கும். விண்டோஸில் டைமர் வரிசை அந்த வேலையைப் பார்க்கும். நிரல் சும்மா இருந்தால் மணியே அடிக்காது, மின்சாரம் மிச்சம்.

பைத்தான் வேறு வழி போனது. முன்பு 100 உட்கட்டளைகளுக்கு ஒரு முறை "மாறலாமா?" என்று பார்த்தது. 3.2ஆம் பதிப்பிலிருந்து, வெளியே காத்திருக்கும் இழை 5 மில்லிவினாடி பொறுத்துப் பார்க்கும். உள்ளே இருப்பவர் வரவில்லை என்றால், "கொஞ்சம் வழி விடுங்க" என்று கதவைத் தட்டும். தனி மணியே தேவையில்லை. கால வரம்போடு காத்திருப்பது எல்லா இயங்குதளத்திலும் முடியும் என்பதால் இது எங்கும் செல்லும்.

கோ மொழி 2020இல் வந்த 1.14ஆம் பதிப்பில், நெடுநேரம் ஓடும் இழையை நிறுத்த யூனிக்ஸ் வகைத் தளங்களில் சிக்னல் அனுப்புகிறது. விண்டோஸில் அந்த இழையைத் தற்காலிகமாக உறைய வைக்கிறது. நோக்கம் ஒன்று, வழி இரண்டு.

பிந்துவது பிழையா?

இல்லை. இதுதான் பலருக்கும் தெரியாத உண்மை. "10 மில்லிவினாடி கழித்து எழுப்பு" என்று கேட்டால் இயங்குதளம் தரும் வாக்குறுதி, "அதற்கு முன்னால் எழுப்ப மாட்டேன்" என்பதுதான். சரியாக அந்தக் கணத்தில் எழுப்புவேன் என்று அது சொல்லவே இல்லை. செயலி வேறு வேலையில் இருக்கலாம். மின்கலத்தைச் சேமிக்க நினைக்கலாம். 2013இல் வந்த மேக் மேவரிக்ஸ் பதிப்பு, அருகருகே உள்ள பல மணிகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் அடிக்கும். கண்ணுக்குத் தெரியாத செயலிகளைத் தூங்கவும் வைக்கும்.

இணைய உலாவியும் இப்படித்தான். டேப் எனப்படும் தாவல் ஒன்று பின்னால் மறைந்திருந்தால், அதன் டைமர் துடிப்பை உலாவி வினாடிக்கு ஒன்றாகக் குறைத்துவிடும். 2021இல் வந்த குரோம் 88 முதல், ஒலி எதுவும் இல்லாமல் 5 நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்துக்கு நிமிடத்துக்கு ஒரு துடிப்புதான் கிடைக்கலாம்.

ஆகவே, துடிப்பு நம்மை எழுப்புவதற்கு மட்டுமே பயன்படும். எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் கடிகாரத்திடம்தான் கேட்க வேண்டும். துடிப்பை எண்ணி நேரத்தைக் கணக்கிடுவது, கேட்ட மணிகளை மட்டும் எண்ணி எத்தனை பாடவேளை முடிந்தது என்று முடிவு செய்வது போன்றது. நடுவில் தூங்கிவிட்டால் கணக்கு தப்பும்.

எந்தக் கடிகாரம்?

கடிகாரத்தைக் கேட்பதிலும் கவனம் வேண்டும். கணினியின் நாட்காட்டிக் கடிகாரம் அவ்வப்போது திருத்தப்படும். சில வேளை பின்னேயும் போகும். 2016ஆம் ஆண்டின் இறுதியில் உலக நேரத்தில் ஒரு வினாடி கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. நமக்கு அது 2017 ஜனவரி 1 காலை 8 மணிக்கு முந்திய வினாடி. அந்த நேரத்தில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் முகவரி தேடும் மென்பொருளில் ஒரு கழித்தல் கணக்கு எதிர்மறை எண்ணைத் தந்தது. "முடிந்த நேரம் கழித்தல் தொடங்கிய நேரம்" ஒருபோதும் பூச்சியத்துக்குக் கீழே போகாது என்று நிரல் நம்பியிருந்தது. விளைவு, சில இணைய முகவரிகளைத் தேடுவதில் தடை ஏற்பட்டது. அந்த மென்பொருள் கோ மொழியில் எழுதப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த கோ 1.9, நேர இடைவெளியைக் கணக்கிட ஒருபோதும் பின்னே போகாத கடிகாரத்தைத் தானாகவே பயன்படுத்தத் தொடங்கியது. பைத்தானில் அத்தகைய கடிகாரம் 2012இல் 3.3ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. மடிக்கணினியை மூடித் தூங்க வைத்தால், லினக்ஸில் இந்தப் பின்னே போகாத கடிகாரம் நின்றுவிடும். தூங்கிய நேரத்தையும் சேர்த்து எண்ணும் கடிகாரம் அங்கே தனியாக உண்டு. மேக்கிலும் இப்படி இரண்டு உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது? வேலையைப் பொறுத்தது. தேர்வு என்றால், மாணவர் கணினியை மூடினாலும் நேரம் ஓட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். 30 நிமிடப் பயிற்சி என்றால் 1800 வினாடி. துடிப்பை எண்ணும் டைமர் 1800 துடிப்பு வந்ததும் பூட்டும். மாணவி ஒருத்தி பயிற்சிப் பக்கத்தை விட்டு, வேறு தாவலில் 10 நிமிடம் ஒரு பகுதியை வாசிக்கிறாள். முதல் 5 நிமிடத்தில் 300 துடிப்பு. அடுத்த 5 நிமிடத்தில், நிமிடத்துக்கு ஒன்றாக, 5 துடிப்பு. ஆக 305. உண்மையில் கடந்தது 600 வினாடி. அவளுக்கு 295 வினாடி, அதாவது ஏறக்குறைய 5 நிமிடம், இலவசமாகக் கிடைத்துவிட்டது. பக்கத்தை விட்டு நகராமல் எழுதிய மாணவனுக்கு அந்த 5 நிமிடம் இல்லை. நாம் இருவரின் புள்ளிகளையும் ஒன்றாக வைத்து ஒப்பிடுகிறோம்!

இதைவிடக் கவலை தருவது வேறு. "வீட்டில் 30 நிமிடத்தில் முடிச்சிடுறேன் டீச்சர்" என்று நம்பும் மாணவி, உண்மைத் தேர்வு மண்டபத்தில் நேரம் போதாமல் தவிப்பாள். அவளுடைய வேகம் குறையவில்லை. பயிற்சி டைமர்தான் பொய் சொல்லியிருக்கிறது.

திருத்தம் எளிது. பயிற்சி தொடங்கும்போதே முடியும் நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு துடிப்பிலும் கடிகாரத்தைக் கேட்டு, மிச்சத்தைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். துடிப்பு பிந்தினால் திரையில் எண் சற்றுத் தாவும். ஆனால் விடை சரியாக இருக்கும். மதிப்பெண் சம்பந்தப்பட்ட பயிற்சி என்றால், மாணவரின் கருவியை நம்பாமல் சர்வரின் கடிகாரத்தை இறுதியாகக் கொள்வது நல்லது.

ஆசிரியர்களுக்கு ஓர் எளிய சோதனை

நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் பயன்படுத்தும் தளத்தில் 10 நிமிடப் பயிற்சி ஒன்றைக் கணினியில் தொடங்குங்கள். அதே நேரத்தில் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். வேறு தாவலுக்குச் சென்று 8 நிமிடம் அங்கேயே இருங்கள். திரும்பி வந்து பாருங்கள். மிச்சம் 2 நிமிடம் என்று காட்டினால் நல்ல டைமர். 5 நிமிடம் போலக் காட்டினால் அது துடிப்பை எண்ணுகிறது. அதன் நேரத்தை நம்பி மாணவர்களை ஒப்பிட வேண்டாம். அடுத்து, பயிற்சியின் நடுவில் மடிக்கணினியை 3 நிமிடம் மூடித் திறந்தும் பாருங்கள். அவ்வளவுதாங்க.

மாணவர்கள் சிந்திக்க

1. "எப்போது?", "எவ்வளவு நேரம்?" ஆகிய இரு கேள்விகளின் வேறுபாட்டை உங்கள் அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. ஒரே நோக்கத்தை அடைய ஜிஎச்சி, பைத்தான், கோ ஆகிய மூன்றும் வெவ்வேறு வழிகளைத் தேர்ந்தெடுத்தன. அவற்றுள் எதற்குத் தனி மணி தேவைப்படவில்லை? ஏன்?
3. 40 நிமிடப் பயிற்சியில் ஒரு மாணவர் தொடர்ந்து 12 நிமிடம் வேறு தாவலில் இருந்தார். துடிப்பை எண்ணும் டைமர் அவருக்கு எவ்வளவு கூடுதல் நேரம் தரும்? கணக்கிட்டுக் காட்டுக.

மூன்றாம் கேள்வியை வகுப்பில் செய்து பார்த்தால், டைமரை ஏன் சோதிக்க வேண்டும் என்பது மாணவர்களுக்கே விளங்கிவிடும்.